ஏரி இருந்த இடத்துப் பூங்கா

தூங்குமூஞ்சி மரங்களை நினைத்தால்தான் பழைய தியாகராய நகர் எனக்குத் திரும்பக் கிடைக்கிறது. பாண்டி பஜாரில் இருபக்கத்துக் கிளைகளும் தெருவுக்கு மேலே வந்து கோத்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலிலும் செருப்பில்லாமல் நடக்கலாம். விளக்கு வைக்கும் நேரத்தில் இலைகள் மடங்கிவிடும். காக்கைகள் அடைகிற இரைச்சலில் பக்கத்தில் வருகிறவர் பேசுவதே கேட்காது.

மேற்கு மாம்பலத்திலிருந்து ரயில் பாதையைத் தாண்டி அப்பா எங்களைப் பனகல் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். பெரியவர்கள் ரேடியோச் செய்திக்காக உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் புல்லில் புரள்வோம். உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை, வெங்கட்நாராயணா சாலை என்று எதில் நடந்தாலும் பூங்காவுக்கு வந்துவிடலாம். 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில், நீதிக்கட்சி ஆட்சியில், இந்த நகரை வரைந்தார்கள். ஊருக்கு நடுவே கடையையோ கச்சேரியையோ வைக்காமல் தோட்டத்தை வைத்தார்களே, அது பெரிய மனசு.

பாட்டி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். "ஏரியை உடைச்சு விட்டுட்டுத்தானேடா பூங்கா வச்சான்?" என்பாள்.

அவள் சிறுமியாக இருந்தபோது அங்கே நீண்ட ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம் பக்கம் தொடங்கி, பிறை போல வளைந்து, சைதாப்பேட்டைப் பக்கம்வரை தண்ணீர். ஐப்பசி மழையில் கரை தளும்பும் என்பாள். கொக்கும் நாரையும் இறங்குமாம், அல்லி பூக்குமாம். 1893இல் வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். 1923 வாக்கில் நீரை வடித்துவிட்டு மனை பிரித்தார்கள். நுங்கம்பாக்கம் பக்கம் அந்த ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பாட்டி பார்த்த தண்ணீரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் சொல்லச் சொல்ல, அந்த ஏரிக்காற்று என் மேலும் பட்டது.

நான் பார்த்த மரங்களில் பலவும் இன்று இல்லை. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. முதியவர்களும் குழந்தைகளும் பயமில்லாமல் நடக்கிறார்கள். அது நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் 2021 நவம்பரில் அந்தப் பகுதியே வெள்ளத்தில் நின்றது. மழைக்குப் பழைய இடம் மறக்கவில்லை.

நகரை வரைகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த திட்டத்தைக் கல் பதிப்பதில் தொடங்காதீர்கள். மாம்பலம் கால்வாயில் தொடங்குங்கள். அதன் இரு கரையிலும் மண்ணை மண்ணாகவே விட்டு மரம் வையுங்கள். மழைத்தண்ணீர் அடையாறு போய்ச்சேர வழி விடுங்கள்.