பேரனும் நானும் ஒரு கிரிப்பரும்

2019 தீபாவளி நினைவிருக்கிறதா? மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் அக்டோபர் 25-ஆம் தேதி ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காகத் தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. 29-ஆம் தேதி உடலைத்தான் எடுக்க முடிந்தது. அப்போது எட்டாவது படித்த என் பேரன், “ஒரு கையை உள்ளே விட்டுத் தூக்க முடியாதா தாத்தா?” என்று கேட்டான்.

தூக்கியிருக்கிறார்கள். 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் பக்கம் விழுந்த மூன்று வயதுச் சிறுவனை, மதுரை மணிகண்டன் தானே உருவாக்கிய கருவியால் உயிரோடு மேலே கொண்டுவந்தார். நடுக்காட்டுப்பட்டிக்கும் அவர் வந்தார். அங்கே பலிக்கவில்லை. ஏன் என்று பேரன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

இப்போது அவன் அண்ணாமலை நகரில் இன்ஜினியரிங் படிக்கிறான். போன மாதம் இரண்டு விரல் கிரிப்பர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் வரைந்தான். சிதம்பரத்தில் கல்யாணப் பெயர்ப்பலகை வெட்டும் கடையில் 3 மி.மீ. அக்ரிலிக்கில் லேசரால் வெட்டித் தந்தார்கள். விளிம்பு கண்ணாடிபோல் மின்னுகிறது! அரம் பிடித்தே 34 வருஷம் ஓட்டிய எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் லேசரும் தன் வழியில் ஒரு மயிரிழை பொருளைத் தின்றுவிடும். துளை பெரிதாகும், அதில் செருகும் துண்டு சிறுக்கும். ரம்ப அகலத்துக்கு இடம் விட்டுக் கோடு போடுவது எங்கள் பட்டறைப் பாலபாடம். அதைச் சொன்னதும் பையன் படத்தைத் திருத்திக்கொண்டான்.

மஞ்சக்குப்பம் வீட்டுத் திண்ணையில் பூட்டினோம். முதலில் 9 கிராம் எடையுள்ள சின்ன சர்வோ மோட்டார். அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 1.8 கிலோ தள்ளும், 6 செ.மீ. விரல் நுனியில் அதுவே 300 கிராம்தான். இரண்டு விரலுக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு 150. தண்ணீர் நிறைந்த டம்ளர் வழுக்கி விழுந்தது. பிறகு உலோகப் பல்சக்கரம் வைத்த பெரிய மோட்டார், ஏறக்குறைய ஐந்து மடங்கு பலம். அது கனிந்த தக்காளியைச் சட்னியாக்கிவிட்டது. பாட்டி முறைத்தாள்.

“அதுக்குக் கோணம் மட்டும்தான் தெரியும் தாத்தா. 30 டிகிரின்னு சொன்னா, நடுவுல என்ன இருந்தாலும் 30 டிகிரி வரைக்கும் அமுக்கும்” என்றான்.

இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. குழந்தையின் மணிக்கட்டை நாம் பிடிக்கும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்று யோசிப்பதே இல்லை, விரல் தோல் பார்த்துக்கொள்கிறது. குழிக்குள் இறங்கும் கைக்கோ அந்தத் தோல் இல்லை. வெளிச்சமும் இல்லை. ஈரச்சேறு வேறு.

பழைய சைக்கிள் டியூபை வெட்டி விரல்களில் ஒட்டினேன். பேரன் மோட்டார் இழுக்கும் கரண்டை அளந்து, அது ஏறியதும் அழுத்துவதை நிறுத்தும்படி நிரல் எழுதினான். அடுத்த தக்காளி தோல்கூடக் கீறாமல் எழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலரை அங்குலக் குழாய்த் துண்டு வாங்கிவந்தோம். இரண்டு விரலும் விரிந்தால் உள்ளே போக இடமில்லை. விரலைக் குட்டையாக்கினோம். நனைந்த துணிப் பொம்மையை உள்ளே போட்டுக் கயிற்றில் கையை இறக்கினோம். பத்துத் தடவையில் நான்கு தடவை தூக்கியது. ஆறு தடவை, பாதி வழியில் நழுவி இன்னும் ஆழத்துக்குப் போனது.

பேரன் நோட்டில் எழுதிக்கொண்டான். வெள்ளிக்கிழமை மூன்றாவது விரலுக்கான படத்தோடு வருகிறானாம்.