எந்த டிராயிங், எந்த ரிவிஷன்?

கலிபோர்னியாவில் லிவர்மோர் பக்கம் கட்டுமான சைட்டுக்குப் போனால் சுருட்டிய டிராயிங் கட்டு இப்போது அபூர்வம். ஃபோர்மேன் கையில் ஐபேட்தான். இந்தப் பழக்கத்தைப் பரப்பியதில் சான் பிரான்சிஸ்கோவின் பிளான்கிரிட் என்ற டிராயிங் ஆப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 2018-ல் ஆட்டோடெஸ்க் அதை 87.5 கோடி டாலருக்கு வாங்கியது.

இப்படிப்பட்ட ஆப்பில் புது ரிவிஷன் ஏற்றினால் பழைய தாள் பின்னுக்குப் போய்விடும், இரண்டையும் மேல்மேல் வைத்து மாற்றத்தைப் பார்க்கலாம். ஆனாலும் யாரோ ஒருவர் போன மாதப் பிடிஎஃப்பை வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார். அதைத் தடுக்க இன்னும் மென்பொருள் வரவில்லை!

எனக்குப் பெரிய கவலை வேறு: கையில் இருக்கும் சரியான ரிவிஷனே தவறாக இருந்தால்? 1981 ஜூலை 17, கான்சாஸ் சிட்டி ஹயாத் ரீஜன்சி ஹோட்டலில் தொங்கு நடைபாதைகள் சரிந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து வந்த ஒரே கம்பி இரண்டு நடைபாதைகளையும் தாங்கியது. பிறகு அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ் நடைபாதை மேல் நடைபாதையிலிருந்தே தொங்க, அந்த இணைப்பில் சுமை இரட்டிப்பானது. அங்கே பழைய டிராயிங்கால் வந்த குழப்பம் எதுவும் இல்லை. மாற்றிய டிராயிங்கில் பொறியாளரின் முத்திரையே இருந்தது. கணக்கைத்தான் யாரும் திரும்பப் போடவில்லை.

இன்றைய மென்பொருள் அந்த மாற்றத்தைச் சிவப்பில் காட்டியிருக்கும், அவ்வளவுதான். அப்ரூவ் பட்டனை அழுத்தும் நண்பர்களே, மாற்றத்தைக் காட்ட மேகக்கோடு போட்ட இடத்தில் சுமைக் கணக்கைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.