அப்பாவின் அடுக்கு

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா முத்துப்பேட்டையில் மொபெட்டில் தெருத்தெருவாகப் போய் எவர்சில்வர் பாத்திரம் விற்கிறார். கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று மட்டும் எழுதினேன். 'பாத்திரம்' என்று எழுதக் கூச்சம்!

போன கந்தூரிக்கு ஜாம்புவானோடை தர்கா பக்கம் கடை போட, டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினோம். அடுக்கு கூடினால் மொபெட்டில் இன்னொரு நடை, பெட்ரோல் காசு. கிண்ணம் என்றால் வாய் அகலம் பார்த்தால் போதும். மூடி போட்ட டப்பாவுக்கு அகலம், உயரம் இரண்டும் பொருந்த வேண்டும்.

வகுப்பில் 'சார்ட்டிங்' படித்த தெம்பில், "நான் அடுக்குறேம்ப்பா" என்றேன். பெரிதிலிருந்து அகலவாரியாக வரிசை வைத்தேன். முதல் நான்கின் அகலம் 12, 11, 10, 9 அங்குலம். உயரம் 8, 10, 7, 9. முதல் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போகாது; தனித்தனியாக வைத்தேன். மூன்றாவதை, இடம் தாராளமாக இருக்கிறதே என்று 10 உயரத்துக்குள் போட்டேன். நான்காவது எதிலும் நுழையவில்லை! மூன்று அடுக்கு.

அப்பா சிரித்தார். "லூசா இருக்குறதுல போடாத தம்பி. எது இறுக்கமா புடிக்குதோ அதுல போடு. பெரிய எடம் அடுத்ததுக்குக் கெடக்கட்டும்." 7-ஐ எடுத்து 8-க்குள் வைத்தார். 9 போய் 10-க்குள் உட்கார்ந்தது. இரண்டே அடுக்கு!

இது தற்செயலா? கல்லூரியில் ஆசிரியரிடம் கேட்டேன். இல்லையாம், எத்தனை டப்பா இருந்தாலும் இதுவே மிகக் குறைந்த அடுக்கு தரும் வழி. ஒன்றுக்குள் ஒன்று போகாத டப்பாக்களை அதிகபட்சம் எத்தனை பொறுக்க முடியுமோ, குறைந்தபட்சம் அத்தனை அடுக்கு தேவை. இதற்கு அடிப்படையான தேற்றத்தை டில்வொர்த் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1950-ல் வெளியிட்டார். வேகமும் உண்டு. 1,000 டப்பாக்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டால் 4,99,500 தடவை. வரிசைப்படுத்திய பிறகு, ஒவ்வொரு அடுக்கிலும் கடைசி டப்பாவின் உயரத்தை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொண்டு, பாதி பாதியாகத் தேடினால் ஒரு டப்பாவுக்குச் சுமார் 10 ஒப்பீடு. மொத்தம் 10,000 தான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அவரும் பாத்திரந்தான் வித்தாரா?" என்று கேட்டார்!

இந்த வருடம் உதவித்தொகைப் படிவம் வந்தது. 'பாத்திர வியாபாரம்' என்று முழுசாக எழுதிக் கொடுத்தேன்.