கூண்டு ரெடி, குட்டி ஞாயித்துக்கிழமை

மக்களே, வீட்டுக்குப் புது வரவு. நீங்க நினைக்கிற மாதிரி இல்லை, இது நாலு காலும் ஒரு வாலும் உள்ள வரவு. மடிப்பாக்கத்துல ஒரு வீட்டு கார் ஷெட்டுல தெருநாய் ஒண்ணு அஞ்சு குட்டி போட்டுச்சு. அதுல காது மட்டும் கருப்பா இருக்கிற பொட்டைக் குட்டி எங்களுக்கு. வர்ற ஞாயித்துக்கிழமையோட அதுக்கு எட்டு வாரம் முடியுது.

போன வாரம் ஆபீஸ்ல புடுங்கின ஆணியை விட இதுக்காகப் புடுங்கினதுதான் அதிகம். முக்கியமான ஐட்டம், கூண்டு. மடக்குற மாதிரி கம்பிக் கூண்டு, 36 இஞ்ச். அட்டைப்பெட்டியைப் பிரிச்சதுமே அம்மா ஆரம்பிச்சுட்டாங்க. "என்னடா இது, எலிப்பொறியைப் பெருசு பண்ணின மாதிரி? வாயில்லா ஜீவனை ஜெயில்ல போடவா கூட்டிட்டு வர்ற?"

நியாயமான கேள்விதான். கம்பியைப் பார்த்ததும் எனக்கே வயித்தைப் பிசைஞ்சது. ஆனா எங்க வீட்டு நிலவரம் வேற. அப்பாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் முழங்கால் மாற்று ஆபரேஷன் நடந்துச்சு. ராத்திரியில ரெண்டு மூணு தடவை வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் போவார். இருட்டுல அந்தக் காலுக்கு நடுவுல குட்டி பூந்து ஓடினா? ஒரே ஒரு தடவை விழுந்தா போதும். (நாய் வேணும்னு அடம் பிடிச்சதே அப்பாதான்ங்கிறது தனிக் கதை.)

"ஊர்ல மணியை நாள் பூரா சங்கிலியிலதானேம்மா கட்டி வெச்சிருந்தோம்?"ன்னு மடக்கிப் பார்த்தேன். "அது காவலுக்குடா"ன்னாங்க. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல 11-வது பிரிவைக் காட்டினேன். நகர இடமில்லாத கூண்டுல அடைக்கிறதும் குத்தம், குட்டையான சங்கிலியில ரொம்ப நேரம் கட்டி வெக்கிறதும் குத்தம்னு அதுல ரெண்டுமே இருக்கு. சட்டம் பேசினா அம்மாகிட்ட வேலைக்காகுமா? "அப்போ ரெண்டும் வேணாம்"னு முடிச்சுட்டாங்க.

ஆனா அந்தச் சட்டத்துல இருக்கிற விஷயம்தான் எனக்கும் உதவிச்சு. நாய் நிமிர்ந்து நிக்கணும், சுத்தித் திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும். அவ்வளவு இடம் வேணும். அதே சமயம் குட்டிக்கு ரொம்பப் பெருசாவும் இருக்கக் கூடாது. ஒரு மூலையில தூங்கி, எதிர் மூலையில உச்சா போயிடும். படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணக் கூடாதுங்கிற அதோட இயல்பை நம்பித்தான் இந்த வித்தையே ஓடுது. அதனாலதான் நடுவுல தடுப்பு வெக்கிற மாதிரி வாங்கினது. வளர வளர தடுப்பைத் தள்ளிக்கலாம்.

அடுத்து விரிப்பு. வீடியோவுல எல்லாம் மெத்து மெத்துனு ஸ்பாஞ்ச் மெத்தை போட்டு, மேல கம்பளியால மூடச் சொல்றாங்க. அந்த ஊர்க் குளிருக்கு அது சரி. சென்னைப் புழுக்கத்துல அப்படி மூடினா குட்டி வெந்துடும். நாய் மூச்சு இரைச்சுத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், அதுக்குக் காத்து ஓடணும். அதனால மேற்குச் சுவரை விட்டுத் தள்ளி, ஃபேன் காத்து படுற மாதிரி ஹால்ல வெச்சிருக்கேன். மேலயும் பின்னாடியும் மட்டும் ஒரு மெல்லிசுத் துணி. ஸ்பாஞ்சும் கேன்சல், கடிச்சு முழுங்கினா குடல்ல அடைச்சுக்கும்.

பழைய காட்டன் புடவையை மடிச்சுப் போடலாம்னு பீரோவைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தப்போ அம்மா வந்து நின்னாங்க. நூல் பிரிஞ்சு வயித்துக்குள்ள போனா ஆபத்துன்னு சொன்னேன். ஒண்ணும் பேசலை. சாயங்காலம் பார்த்தா நாலு பக்கமும் ரெட்டைத் தையல் போட்டு மூணு விரிப்பு தயார். "ஒண்ணு தோய்க்கப் போட்டா மாத்து வேணாமா?"ங்கிறாங்க. அதுல ஒண்ணை அன்னிக்கே மடிப்பாக்கத்துல கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். தாயும் மத்த குட்டிங்களும் அது மேல படுக்கட்டும், அந்த வாசனையோடவே கூண்டுக்கு வரட்டும்னுதான்.

மத்ததெல்லாம் சில்லறை. கம்பியில மாட்டுற எவர்சில்வர் கிண்ணம். உச்சா வாசனையை முழுசாப் போக்க என்ஸைம் கிளீனர் (வாசனை மிச்சம் இருந்தா அதே இடத்துக்குத்தான் திரும்ப வரும். கருப்பு ஃபினாயிலை மூட்டை கட்டியாச்சு, நாய்க்கு விஷம்). கழுத்துப் பட்டை வாங்கினேன், ஆனா கூண்டுக்குள்ள கழட்டிடணும், கம்பியில மாட்டினா கழுத்தை இறுக்கிடும். நடுவுல பொந்து இருக்கிற ரப்பர் பொம்மை ஒண்ணு. அதுக்குள்ள உப்பில்லாத, தாளிக்காத தயிர்சாதத்தை அடைச்சு ஃப்ரீஸர்ல வெக்கிறதா தங்கமணி ஐடியா. பால்கனியில ஒரு ட்ரேயில மண்ணும் புல்லும். பார்வோ வைரஸ் மண்ணுல மாசக்கணக்கா தாக்குப் பிடிக்கும், தடுப்பூசி எல்லாம் முடியிற வரைக்கும் தெருவுல இறக்க முடியாது.

கதவை இப்பவே கயிறால திறந்தபடி கட்டிட்டேன். முதல் சில நாளைக்குச் சாப்பாடு உள்ள, கதவு திறந்தே. அதுவரைக்கும் ராத்திரி நான் ஹால்ல பாய் போட்டுக் குட்டிக்குக் காவல். தானா உள்ள போய்ப் படுக்க ஆரம்பிச்ச பிறகுதான் சாத்துறது, அதுவும் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு. தாழ்ப்பாள் க்ளங்க்னு சத்தம் போட்டுச்சு, தேங்காய் எண்ணெய் விட்டாச்சு.

எவ்வளவு நேரம் சாத்தலாம்ங்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. வயசு எத்தனை மாசமோ அதோட ஒண்ணு கூட்டிக்கணும். ரெண்டு மாசக் குட்டிக்கு மூணு மணி நேரம், அதுவே அதிகபட்சம், அதுவும் ராத்திரிக்கு. பகல்ல நானும் தங்கமணியும் ஆபீஸ் போற நாள்லயும் அம்மா அப்பா இருக்காங்க. காலைல பூட்டிட்டுப் போய் சாயங்காலம் வந்து திறக்கிற வீடா இருந்தா, கூண்டு மட்டும் இல்லை, குட்டியே வேணாம்னு சொல்லியிருப்பேன்.

ராத்திரி 11, 2, 5-க்கு அலாரம். புரொடக்‌ஷன் சப்போர்ட் மாதிரியே ரோஸ்டர் போட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியாச்சு. 2 மணி ஷிஃப்ட் எனக்கு, 5 மணி தங்கமணிக்கு. நேத்து பார்த்தா 11 மணிக்கு நேரா அப்பா பேனாவுல தன் பேரை எழுதி வெச்சிருக்கார். அதை அடிச்சுட்டு அம்மா பேரை எழுதலாமான்னு கேட்டா, "நான் ஜெயில் வார்டன் இல்லை, சமையல் மட்டும்தான்"ங்கிறாங்க.

பேர் இன்னும் முடிவாகலை. பின்னூட்டத்துல சொல்லுங்க. மணின்னு மட்டும் வேணாம், அது அம்மாவோட ஓட்டு, ஏற்கெனவே எண்ணியாச்சு.