கிணற்றில் இறங்கிய காமிரா

இரவல் வாங்கிய பொருளைக் கெடுத்தவன் அதன் உடையவர் முகத்தில் விழிக்கப் படும் பாடு சொல்லுந்தரமன்று. எமது கல்லூரித் தோழர் ஒருவர், அந்தமானில் இப்போது ஸ்வராஜ் தீவு என வழங்கும் ஹாவ்லாக் தீவின் கரையில், கடலடியில் படமெடுக்கும் தமது நிக்கோனாஸ் காமிராவை எம்மை நம்பி ஒரு காலைப்பொழுது கொடுத்தார். உள்ளே இருந்த பிலிமில் முப்பத்தொரு படங்கள் அவர் எடுத்தவை. எஞ்சிய ஐந்தை எம்மை எடுக்கச் சொன்னார். யாமோ, நன்றாக மூடியிருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் அதை ஒருமுறை திறந்து மூடினோம். இரண்டு ஆள் ஆழத்திற்குக்கூட இறங்கவில்லை; வில்லைக்குப் பின்னே ஒரு நீர்க்கோடு ஆடிற்று. ரப்பர் வளையத்தின்மேல் எமது தலைமயிர் ஒன்று கிடந்ததைக் கரையேறியபின் கண்டோம். தோழர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அத்தகைய காமிரா ஒன்றையே வாங்கித் திருப்பித் தருவதென்று நிச்சயித்தோம். புதிது கிடையாது. கடலாராய்ச்சியாளர் ழாக் கூஸ்தோவின் விருப்பத்திற்கிணங்க ழான் டி வூத்தர் என்னும் பெல்ஜிய நிபுணர் வகுத்த கலிப்ஸோ என்ற கருவியே 1963இல் ஜப்பானிய நிக்கான் கம்பெனியாரால் நிக்கோனாஸ் என்ற பெயரோடு வெளிவந்தது. அவ்வரிசை 2001இல் நின்றுபோயிற்று. எமது தோழருடையது 1975இல் வந்த மூன்றாம் மாதிரி. அதில் மின்கலம் இல்லை. அனைத்தும் யந்திர வேலை. அதே மாதிரியைப் பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் இரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கினோம். "ஒருபோதும் ஒழுகியதில்லை, ஐயா" என்றார் அவர். ஒழுகியது என்று சொல்லி விற்பவர் யார்?

இம்மாதிரியின் அமைப்பு விசித்திரமானது. மேற்பகுதியும் உள்ளுறுப்புக்களும் ஒரே துண்டாயிருந்து, வெளிக்கூட்டினுள் உறைக்குள் வாள்போல இறங்கும். வில்லையைப் பொருத்தியதும் அதுவே இரண்டையும் பூட்டிவிடும். நாமே கழற்றிப் பார்க்கக்கூடிய வளையங்கள் மூன்று: உடலைச் சுற்றிய பெரியது ஒன்று, வில்லையின் கழுத்தில் ஒன்று, அடியில் மின்னல்விளக்குத் துளையின் திருகுமூடியில் சிறியது ஒன்று. நெம்புகோல், குமிழ் முதலியவற்றின் தண்டுகளிலும் வளையங்கள் உண்டெனினும், அவை கைதேர்ந்த பழுதுபார்ப்போருக்கே உரியவை.

முதலில் தண்ணீரின் பக்கமே போகாமல் பூதக்கண்ணாடியோடு அமர்ந்தோம். கடல்நீர் உள்ளே புகுந்திருந்தால் அது தன் கையெழுத்தை விட்டே செல்லும்: அலுமினியத்தில் வெண்பொடி, பித்தளையில் பச்சை, திருகுகளில் துரு. பிலிம் அறை சுத்தமாயிருந்தது. வளையங்கள் தங்கும் பள்ளங்களிலும் அரிப்பில்லை. ஆனால் திருகுமூடியின் வளையம் உருண்டையாயிராமல் ஒரு பக்கம் தட்டையாகிக் கிடந்தது. வளையங்களை ஊசியால் நெம்பலாகாது. கெட்டியான அட்டையின் மூலையே போதும். சிலிகோன் கிரீஸைப் பளபளப்புத் தெரியும் அளவுக்குத்தான் தடவவேண்டும். மிகுதியாகப் பூசினால் நீர் நின்றுவிடும் என்பது பலருடைய எண்ணம். உண்மையில் மணலும் மயிருமே அதில் வந்து ஒட்டும். மயிரைப்பற்றி எமக்கு எவரும் உபதேசிக்க வேண்டுவதில்லை.

பிறகு வாளி. பிலிமுக்குப் பதிலாக, பேனா மையால் கோடுகள் இழுத்த ஒற்றுத்தாளொன்றை உள்ளே வைத்து மூடினோம். ஒரு துளி பட்டாலும் கோடு பரவிக் காட்டிக்கொடுத்துவிடும். நீர் கைச்சூட்டைவிடச் சற்றே வெதுவெதுப்பாயிருந்தது. உள்ளிருக்கும் காற்று சூட்டால் விரிந்து, வழியிருந்தால் குமிழியாக வெளிவருமல்லவா? இடுக்குகளில் சிக்கிய காற்றும் குமிழியிடும். ஆயினும் விரலால் துடைத்ததும் அது நின்றுவிடும். அடியிலிருந்த திருகுமூடியில் மட்டும் துடைக்கத் துடைக்க ஓரிடத்திலிருந்தே முத்துச்சரம்போல் வந்துகொண்டிருந்தது. தட்டை வளையத்தின் குற்றமே அது. உரிய வளையம் வந்துசேரப் பதினெட்டு நாளாயிற்று. அதை மாற்றியபின் குமிழி இல்லை.

வாளியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாளியில் காற்று வெளியே தள்ளுகிறது. கடலிலோ நீர் உள்ளே தள்ளுகிறது. பத்து மீட்டர் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் பாரம் கூடும். ஆகவே எம் வீட்டுக் கிணற்றை நாடினோம். காமிராவையும் ஒரு கல்லையும் வலைப்பையிலிட்டு, மீட்டருக்கொரு முடிச்சிட்ட கயிற்றால் ஒன்பது முடிச்சு நீருக்குள் இறக்கினோம். தோட்டக்காரப் பெரியவர் எட்டிப் பார்த்து, "காசு கொடுத்து வாங்கினதைக் கிணத்துல போடுறீங்களே, சாமி" என்றார். அரைமணி நேரம் அவருக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

மேலேற்றித் திறந்தபோது ஒற்றுத்தாளின் மூலையில் மை பரவியிருந்தது. எமக்கு உடல் தளர்ந்துவிட்டது. ஆனால் பெரியவர், "உங்க சட்டைக் கையைப் பாருங்க" என்றார். கயிறு இழுத்த ஈரம் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. துளி கருவியினதா, எம்முடையதா? ஐயத்தோடு ஒருவருக்கு ஒரு பொருளைக் கொடுப்பதெப்படி? மறுநாள் புதுத்தாள் வைத்து மீண்டும் இறக்கினோம். எடுத்தபின் நன்னீரில் அலசி, துணியால் ஒற்றி, இடுக்குகள் உலர ஒருமணி நேரம் பொறுத்து, கைகளைத் துடைத்துக்கொண்டு திறந்தோம். கோடுகள் இழுத்தபடியே இருந்தன.

தோழருக்கு எல்லாவற்றையும் எழுதினோம்: மாற்றிய வளையம், முதல்நாள் துளி, யாம் திறவாத தண்டு வளையங்கள். எமது சோதனை ஒன்பது மீட்டர் நன்னீருக்கே சாட்சி என்பதையும், செய்தவர்கள் சொன்ன ஐம்பது மீட்டருக்கு அன்று என்பதையும் மறைக்கவில்லை. தபாலில் அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தோம். நான்கே வரியில் பதில் வந்தது:

"தபாலில் அனுப்பவேண்டா. ஜனவரியில் நீரே கொண்டுவாரும். முதல் பிலிமை நீர்தாம் மாட்டி மூடவேண்டும். அந்த ஒற்றுத்தாளையும் மறவாமல் எடுத்துவாரும், பார்க்கவேண்டும்."