கயிற்றை விட்டவன் எங்கே?

காரைக்காலில் வளர்ந்தவனுக்குக் கடலில் ஆளைக் காப்பாற்றும் படம் புதிதல்ல. வேளாங்கண்ணியில், புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பலை மாதா கரைசேர்த்த கதை குழந்தைக்கும் தெரியும். நாகூர் ஆண்டகை முகம் பார்க்கும் கண்ணாடியை வீசிக் கப்பலின் ஓட்டையை அடைத்த கதையும் அப்படியே. இரண்டிலும் காப்பாற்றுகிறவர்தான் பெரியவர். நானும் அப்படியே பார்த்துப் பழகியவன்.

பாரிசிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த அச்சுப்படம் ஒன்று எங்கள் கூடத்தில் தொங்குகிறது. ஓவியர் ழெரிக்கோ 1819இல் முடித்த ‘மெதூசாவின் தெப்பம்’. லூவ்ரில் இருக்கும் மூலப்படம் ஏறக்குறைய 5 மீட்டர் உயரம், 7 மீட்டர் அகலம். பிணங்களும் சாகக் கிடப்பவர்களும் குவிந்த தெப்பத்தின் உச்சியில் ஒரு கறுப்பர் துணியை வீசுகிறார். காப்பாற்ற வரவேண்டிய ஆர்குஸ் கப்பல் அடிவானத்தில் எள்ளளவு. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த எள்ளைத் தொட்டுக் காட்டுவேன். அதில் எனக்கொரு பெருமை.

கிளிஞ்சல்மேட்டு மீனவப் பெரியவர் ஒருவருக்கும் காட்டிக் கதை சொன்னேன். 1816இல் ஆப்பிரிக்கக் கரையோரம் மெதூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் தரைதட்டியது. படகுகள் போதவில்லை, சுமார் 150 பேரைத் தெப்பத்தில் ஏற்றினார்கள். படகுகள் அதைக் கட்டி இழுப்பதாக ஏற்பாடு. கொஞ்ச தூரத்திலேயே கயிற்றை விட்டுவிட்டார்கள். 13 நாள் கழித்து மிஞ்சியது 15 உயிர்.

அவர் எள்ளைப் பார்க்கவே இல்லை. தெப்பத்தின் ஓரத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். “கயித்த விட்டவன் எங்க தம்பி இதுல? இஞ்சின் நின்ன போட்டக் கட்டி இழுத்தாறப்ப, நமக்கே டீசல் பத்தாதுன்னாலும் நடுக்கடல்ல விட்டுட்டு வருவமா?”

பிறகு நான் தேடிப் படித்ததெல்லாம் அந்தக் கயிற்றைப் பற்றித்தான். கப்பல் தலைவன் ஷோமரே இருபது ஆண்டுகளாகக் கடலுக்கே போகாதவன். அரச விசுவாசத்துக்குக் கிடைத்த பதவி. ஆங்கிலேயர் திருப்பித் தந்த செனகலை ஏற்கப் போன கப்பல் அது. திருப்பித் தந்தது 1814 பாரிஸ் உடன்படிக்கைப்படி. அதே உடன்படிக்கையில்தான் எங்கள் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. நல்லவேளை, இவனை இங்கே அனுப்பவில்லை!

இப்போது எந்த மீட்புப் படத்தைப் பார்த்தாலும் அதில் இல்லாத ஆளைத்தான் முதலில் தேடுகிறேன். ழெரிக்கோவின் படம் 1819 கண்காட்சியில் ‘கப்பல் விபத்துக் காட்சி’ என்ற பெயரில்தான் வைக்கப்பட்டது. கப்பலின் பெயரைக்கூடப் போடவில்லை. ஷோமரேவுக்கு ராணுவ நீதிமன்றம் கொடுத்தது மூன்றே ஆண்டுச் சிறை.