மண் மிதிக்காத மந்தி

திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையில் கூட்டம் முண்டியடிப்பது புலிக்கும் சிங்கத்துக்கும் முன்னால்தான். சிங்கவால் குரங்கின் கூண்டு வந்தால், "குரங்குதானே" என்று நகர்ந்துவிடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை என்ற விஷயம் பலருக்குத் தெரியாது.

கரிய உடல். முகத்தைச் சுற்றி வெள்ளி நரை பாய்ந்த பிடரி. பெயர் வந்தது என்னவோ பிடரியால் அல்ல, வால் நுனியில் உள்ள குஞ்சத்தால். தமிழில் சோலைமந்தி என்றொரு பெயரும் உண்டு. அதுதான் பொருத்தம். மழைக்காட்டு மரங்களின் உச்சிதான் அதற்கு ஊர், தெரு, வீடு எல்லாமே. பெரும்பாலும் 10 முதல் 20 வரை கொண்ட கூட்டமாகக் கிளைவிட்டுக் கிளை தாவிப் போகும். முள் அடர்ந்த வெடிப்பலாக் காயைப் பிளந்து விதையைத் தின்னும். பூவையும் விடாது, பூச்சியையும் விடாது. கிடைத்ததைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு பிறகு நிதானமாக மெல்லும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே ஏறக்குறைய 3 ஆண்டுகள். எனவே இழப்பை ஈடுகட்டுவது லேசல்ல.

ஆஸ்திரேலியாவின் கோவாலாவுக்கும் இதே தலைவிதி. யூகலிப்டஸ் இலைதான் அதன் உணவு. நாளில் பெரும்பகுதி தூக்கம். மரத்தை வெட்டினால் தரையில் இறங்கியாக வேண்டும். இறங்கினால் காரும் நாயும் காத்திருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் 2022ல் அதை அழியும் ஆபத்திலுள்ள விலங்காக அறிவித்தார்கள். விநோதம் என்னவென்றால், கோவாலாவுக்குச் சோறு போடும் அந்த மரம் 19ம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்து தைல மரமாயிற்று. சோலைமந்திக்கு அதனால் பயனில்லை. தேயிலை, காபி, தைல மரம் என்று தோட்டங்கள் பரவப் பரவ, சோலை துண்டு துண்டாயிற்று.

இந்தக் குரங்கின் பெயரை நாடறியச் செய்தது அமைதிப் பள்ளத்தாக்கு. பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழாவின் குறுக்கே அணை கட்ட 1970களில் திட்டம் தயாரானது. "மனிதனுக்கு மின்சாரமா, குரங்குக்குக் காடா?" என்று கேட்டார்கள். மின்சாரம் போதாத மலபாரில் அந்தக் கேள்விக்கு நியாயம் இல்லாமல் இல்லை. மாற்று வழிகள் உண்டு என்று கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் கணக்குப் போட்டுக் காட்டியது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கவிஞர் சுகதகுமாரி 'மரத்தினு ஸ்துதி' எழுதினார். கூட்டங்களில் அந்தக் கவிதை ஒலித்தது. 1983ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 1985ல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். குரங்குக்காகக் காத்த காடு குந்திப்புழாவின் நீரையும் காத்தது. சுகதகுமாரி 2020ல் கோவிட்டுக்குப் பலியானார். அவர் காத்த காடு நிற்கிறது.

தெற்கே, தமிழகப் பக்கத்தில், களக்காடு சரணாலயம் 1976லேயே இந்த விலங்கை மனதில் வைத்து உருவானது.

ஆனால் காட்டில் எஞ்சியிருப்பவை சுமார் 4,000 மட்டுமே என்பது மதிப்பீடு. அவற்றில் பல, சரணாலயங்களுக்கு வெளியே மாட்டிக்கொண்டவை. வால்பாறை அருகே புதுத்தோட்டத்தில் தேயிலைக்கு நடுவே ஒரு துண்டுக் காடு. அங்குள்ள மந்திகள் சாலையைக் கடக்கின்றன, வீட்டுக் கூரையில் ஏறுகின்றன, குப்பையைக் கிளறுகின்றன. வாகனங்களில் அடிபட்டுச் சாகின்றன. மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். அவையும் பழகிக்கொண்டு அதில் நடக்கின்றன. நல்ல முயற்சிதான். என்றாலும் பாலம் காடாகிவிடாது. துண்டுகளுக்கு இடையே மறுபடியும் சோலை மரங்கள் வளர வேண்டும்.

அமைதிப் பள்ளத்தாக்குக்கு எதிரி ஒரே ஓர் அணை. போராட ஆளும் கிடைத்தார்கள். துண்டுக் காட்டுக்கு எதிரி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும் சாதாரணக் காரியங்கள். அதை எதிர்த்து ஊர்வலம் போக முடியாது. மலையேறும்போது வண்டியின் வேகத்தைக் குறைக்கலாம். தின்பண்டம் வீசாமல் இருக்கலாம். வாழ்நாள் முழுக்க மண்ணை மிதிக்காமல் இருந்திருக்க வேண்டிய விலங்குக்கு அந்த மரியாதையாவது செய்யலாம்.